முதுநிலை இயன்முறை மருத்துவப் படிப்பு: சேரும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் என்ன?

புதுதில்லி: பிசியோதெரபி எனப்படும் இயன்முறை மருத்துவத்தில் இளநிலைப் பட்டம் பெறும் மாணவர்கள் முன் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, உடனடியாகப் பணியில் சேர்வது. மற்றொன்று, மேலும் இரண்டு ஆண்டுகள் செலவிட்டு எம்பிடி எனப்படும் முதுநிலைப் பட்டம் பெறுவது.

இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுப்போர், கல்லூரியின் பெயரையும் கட்டணத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். ஆனால், அந்த இரண்டு ஆண்டுகளின் பயனைத் தீர்மானிப்பவை வேறு இரண்டு. கல்லூரியுடன் இணைந்த மருத்துவமனைக்கு எத்தகைய நோயாளிகள், எவ்வளவு பேர் வருகின்றனர் என்பது முதலாவது. மாணவரின் ஆய்வேட்டை வழிநடத்தும் பேராசிரியர் அதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார் என்பது இரண்டாவது. இவ்விரண்டும் விளம்பரங்களில் இடம்பெறுவதில்லை.

மருத்துவத் துறையில் எம்.டி., எம்.எஸ். படிப்புகளுக்கு இருப்பதைப் போல, எம்பிடி சேர்க்கைக்கு நாடு முழுவதற்குமான ஒற்றைத் தேர்வோ கலந்தாய்வோ நடைமுறையில் இருந்ததில்லை. கல்லூரிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுப்பு பெரும்பாலும் மாணவர்கள் மீதே விழுகிறது. இந்நிலையில், இப்படிப்பு எவ்வாறு அமைந்துள்ளது, எதைக் கற்பிக்கிறது, சேரும் முன் எவற்றை விசாரித்து அறிய வேண்டும் என்பவற்றை இத்தொகுப்பு விளக்குகிறது.

இளம்பிள்ளை வாதத்தில் தொடங்கிய கல்வி

இந்தியாவில் இயன்முறை மருத்துவக் கல்வி ஒரு நோய்ப் பரவலின் விளைவாகவே தொடங்கியது. 1950-களின் தொடக்கத்தில் அன்றைய பம்பாயில் போலியோ எனப்படும் இளம்பிள்ளை வாதம் பரவியது. உயிர் பிழைத்த குழந்தைகளின் கை, கால்களை மீண்டும் இயங்கச் செய்வதற்குப் பயிற்சி பெற்றவர்கள் போதுமான அளவில் இல்லை. இதைத் தொடர்ந்து, உலக சுகாதார அமைப்பின் உதவியுடன் 1953-ஆம் ஆண்டு அந்நகரின் கிங் எட்வர்ட் நினைவு மருத்துவமனையில் இயன்முறை மருத்துவப் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. 1955-இல் இந்திய இயன்முறை மருத்துவர்கள் சங்கம் உருவானது.

அந்தக் கல்விக்கு வித்திட்ட நோய் இன்று நாட்டில் இல்லை. 2014-ஆம் ஆண்டு மார்ச் மாதம் இந்தியா உள்ளிட்ட உலக சுகாதார அமைப்பின் தென்கிழக்கு ஆசியப் பிராந்தியம் போலியோ இல்லாத பகுதியாகச் சான்றளிக்கப்பட்டது. ஆனால், இத்துறையின் தேவை குறையவில்லை. பக்கவாதம், மூட்டுத் தேய்மானம், சாலை விபத்துகளில் ஏற்படும் தண்டுவடக் காயம், இதய அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய மறுவாழ்வு, முதுமையால் ஏற்படும் சமநிலைக் குறைபாடு என அதன் பரப்பு விரிந்துள்ளது.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் உள்ளனர். அவர்களில் 54 லட்சத்துக்கும் அதிகமானோர் இயக்கக் குறைபாடு உடையவர்கள். உலக அளவில் சுமார் 240 கோடி பேர், அதாவது மூன்றில் ஒருவர், மறுவாழ்வு சிகிச்சையால் பயனடையக்கூடிய உடல்நிலையில் இருப்பதாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டுள்ளது. ஒரே பாடத்திட்டத்தில் பயின்ற ஒருவர் இவ்வளவு வகையான நோயாளிகளையும் ஆழமாக அறிந்திருப்பது கடினம். சிறப்புப் பிரிவுகள் தேவைப்படுவதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

சட்டம் என்ன சொல்கிறது?

நீண்ட காலமாக இத்துறைக்கென நாடு தழுவிய ஒழுங்குமுறை அமைப்பு இல்லை. தில்லி, மகாராஷ்டிரம், குஜராத் போன்ற சில மாநிலங்களில் மட்டும் தனிச் சட்டங்களின் கீழ் கவுன்சில்கள் அமைக்கப்பட்டன. பிற இடங்களில் பல்கலைக்கழகங்களே பாடத்திட்டத்தையும் தகுதியையும் வரையறுத்தன. இதனால் ஒரே பட்டத்துக்கு மாநிலத்துக்கு மாநிலம் பாடப்பொருளும் தரமும் வேறுபட்டன.

2021-ஆம் ஆண்டு மார்ச் மாதம் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றப்பட்ட தேசிய துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில் வல்லுநர்கள் ஆணையச் சட்டம் இந்நிலையை மாற்ற முற்பட்டது. மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் குறைந்தபட்சம் 3,600 மணி நேரப் படிப்பை முடித்துப் பட்டம் பெற்றவரை 'சுகாதாரத் தொழில் வல்லுநர்' என்றும், குறைந்தபட்சம் 2,000 மணி நேரப் படிப்பை முடித்தவரைத் 'துணைநிலைத் தொழில் வல்லுநர்' என்றும் இச்சட்டம் பிரிக்கிறது. இயன்முறை மருத்துவர் தனித்தும், பல்துறைக் குழுவின் உறுப்பினராகவும் பணியாற்றலாம் என்றும், அதற்கான குறைந்தபட்சத் தகுதி இளநிலைப் பட்டம் என்றும் சட்டத்தின் அட்டவணை கூறுகிறது.

தொழில் செய்வதற்கு எம்பிடி கட்டாயமல்ல என்பது இதிலிருந்து தெளிவாகிறது. எனவே, 'எதற்காக எம்பிடி' என்ற கேள்விக்கு மாணவர் தமக்கென ஒரு பதிலை வைத்திருக்க வேண்டும்.

சட்டம் நிறைவேறியபோதிலும் அது நடைமுறைக்கு வருவதில் தாமதம் ஏற்பட்டது. இதை விரைவுபடுத்துமாறு 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மத்திய, மாநில அரசுகளுக்கு உத்தரவிட்டது. 2025-ஆம் ஆண்டு இயன்முறை மருத்துவத்துக்கான திறன் அடிப்படையிலான பாடத்திட்டத்தை ஆணையம் வெளியிட்டது. அதன்படி, நான்கு ஆண்டுகள் வகுப்பும் ஆறு மாத உள்ளுறைப் பயிற்சியுமாக இருந்த இளநிலைப் படிப்பு, ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியுடன் ஐந்து ஆண்டுகளாகிறது. முதுநிலைப் படிப்பின் காலம் இரண்டு ஆண்டுகள்.

சேர்க்கை எப்படி நடைபெறுகிறது?

பொதுவாக, அங்கீகரிக்கப்பட்ட கல்லூரியில் பிபிடி முடித்து, உள்ளுறைப் பயிற்சியை நிறைவு செய்தவர்கள் எம்பிடி படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். குறைந்தபட்ச மதிப்பெண் தகுதி பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறுபடும்.

மகாராஷ்டிரத்தில் மாநில பொது நுழைவுத் தேர்வுப் பிரிவு முதுநிலை இயன்முறை மருத்துவத்துக்கெனத் தனித் தேர்வு நடத்துகிறது. தில்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியா பல்கலைக்கழகம் தனது சொந்த நுழைவுத் தேர்வின் மூலம் மாணவர்களைத் தேர்ந்தெடுக்கிறது. ஒடிசாவின் கட்டக் அருகே ஓலட்பூரில் மத்திய அரசின் கீழ் இயங்கும் சுவாமி விவேகானந்தர் தேசிய மறுவாழ்வுப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் தனி நுழைவுத் தேர்வு உண்டு. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தத்தமது விதிகளின்படி சேர்க்கை நடத்துகின்றன.

இதனால் ஒரே மாணவர் பல விண்ணப்பங்கள், பல கட்டணங்கள், பல தேர்வுத் தேதிகள் ஆகியவற்றைச் சமாளிக்க வேண்டியுள்ளது. அரசு நிறுவனங்களில் இடங்கள் குறைவு. தனியார் கல்லூரிகளில் கட்டணம் அதிகம். இந்த இடைவெளியில்தான் பல மாணவர்கள், கிடைத்த இடத்தில், கிடைத்த பிரிவில் சேர்ந்துவிடுகின்றனர்.

சிறப்புப் பிரிவுகள் எவை?

எலும்பு, தசை மற்றும் மூட்டு, நரம்பியல், இதயம் மற்றும் நுரையீரல், விளையாட்டு, குழந்தைகள் நலம், சமூக நலன், மகளிர் நலம் ஆகியவை பரவலாகக் கற்பிக்கப்படும் பிரிவுகளாகும். எல்லாக் கல்லூரிகளிலும் எல்லாப் பிரிவுகளும் இருப்பதில்லை.

எலும்பு, தசைப் பிரிவில் கழுத்து வலி, முதுகு வலி, மூட்டுத் தேய்மானம், எலும்பு முறிவுக்குப் பிந்தைய இறுக்கம் ஆகியவை முதன்மை பெறுகின்றன. ஆஸ்திரேலியாவின் மெய்ட்லேண்ட், நியூசிலாந்தின் மெக்கென்சி, முல்லிகன் ஆகியோர் உருவாக்கிய கைவழிச் சிகிச்சை, உடற்பயிற்சி முறைகளை மாணவர்கள் கற்கின்றனர். தனியாகச் சிகிச்சை மையம் தொடங்க விரும்புவோர் இப்பிரிவை நாடுவது வழக்கம்.

நரம்பியல் பிரிவு பக்கவாதம், தண்டுவடக் காயம், பார்க்கின்சன் நோய் ஆகியவற்றைச் சார்ந்தது. பக்கவாதத்தால் ஒரு கை செயலிழந்தவர், நல்ல கையையே பயன்படுத்திப் பழகிவிடுகிறார். நல்ல கையின் பயன்பாட்டைக் குறிப்பிட்ட நேரம் கட்டுப்படுத்தி, பாதிக்கப்பட்ட கையைத் திரும்பத் திரும்ப இயங்கச் செய்வது ஒரு சிகிச்சை முறை. மூளை தன் இணைப்புகளை மாற்றியமைத்துக் கொள்ளும் திறனுடையது என்பதே இதன் அடிப்படை. இத்தகைய சிகிச்சையில் மாற்றம் தெரிய வாரங்களும் மாதங்களும் ஆகும். பொறுமை இல்லாதவர்களுக்கு ஏற்ற பிரிவு அல்ல இது.

இதயம், நுரையீரல் பிரிவு மாணவர்கள் தங்கள் நேரத்தின் பெரும்பகுதியைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் செலவிடுகின்றனர். வென்டிலேட்டரில் உள்ள நோயாளியின் நெஞ்சில் தேங்கிய சளியை அகற்றுவது, அறுவை சிகிச்சைக்குப் பின் அவரை எழுப்பி அமர வைத்து நடக்கச் செய்வது, ஆறு நிமிடங்களில் அவரால் எவ்வளவு தொலைவு நடக்க முடிகிறது என்பதை அளப்பது ஆகியவை அன்றாடப் பணிகள். கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் இப்பிரிவின் முக்கியத்துவம் பரவலாக உணரப்பட்டது.

விளையாட்டுப் பிரிவு மாணவர்களிடையே ஈர்ப்புமிக்கது. காயமடைந்த வீரரை மீண்டும் களமிறக்கலாமா என்ற முடிவுக்கான அளவீடுகளைக் கற்பிப்பது இதன் மையம். ஆயினும், தேசிய அணிகளிலும் தொழில்முறை அணிகளிலும் உள்ள பணியிடங்கள் மிகச் சிலவே என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

குழந்தைகள் நலப் பிரிவில், பெருமூளை வாதம் உள்ளிட்ட குறைபாடுகளுடன் பிறந்த குழந்தைகளுக்குச் சிகிச்சை அளிப்பதுடன், வீட்டில் அதைத் தொடர்வதற்குப் பெற்றோருக்கும் பயிற்சி அளிக்க வேண்டும். சமூக நலப் பிரிவு மாணவரை மருத்துவமனைக்கு வெளியே, கிராமங்களுக்கும் தொழிற்கூடங்களுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் அழைத்துச் செல்கிறது. மகளிர் நலப் பிரிவு கர்ப்ப காலம், மகப்பேற்றுக்குப் பிந்தைய காலம், இடுப்புத்தளத் தசைகளின் பலவீனம் ஆகியவற்றைக் கையாள்கிறது. வெளியில் சொல்லத் தயங்கிப் பல பெண்கள் ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொள்ளும் சிறுநீர்க் கசிவு போன்ற பிரச்சினைகளுக்கு இங்கு பயிற்சிகள் மூலம் தீர்வு தேடப்படுகிறது.

நோயாளிகளே பாடநூல்

எந்தப் பிரிவாக இருந்தாலும், அப்பிரிவுக்குரிய நோயாளிகள் வராத மருத்துவமனையில் அதைக் கற்க இயலாது. இதய அறுவை சிகிச்சை நடைபெறாத மருத்துவமனையுடன் இணைந்த கல்லூரியில் இதயம், நுரையீரல் பிரிவில் சேரும் மாணவர், பட்டம் பெறும் நாள் வரை அத்தகைய நோயாளியைப் பார்க்காமலே இருக்க நேரிடலாம்.

இதற்கு மாறான உதாரணங்களும் நாட்டில் உள்ளன. 1965-இல் எவரெஸ்ட் சிகரம் தொட்டு, அதே ஆண்டு நடந்த போரில் தண்டுவடத்தில் குண்டு பாய்ந்து சக்கர நாற்காலிக்கு உள்ளான மேஜர் எச்.பி.எஸ். அலுவாலியா, பின்னாளில் தில்லியில் இந்தியத் தண்டுவடக் காய மையத்தை நிறுவினார். அந்த மையத்துடன் இணைந்த கல்வி நிறுவனத்தில் முதுநிலைப் படிப்பு நடத்தப்படுகிறது. தண்டுவடக் காயமடைந்தவரை அனுமதிக்கப்பட்ட நாள் முதல் வீடு திரும்பும் வரை ஒரே வளாகத்தில் மாணவர்கள் பின்தொடர இயலும்.

தமிழ்நாட்டின் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வுத் துறையும் இத்தகைய பின்னணி கொண்டதே. விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த பின்னரும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். அவரது முயற்சியில் 1966-இல் அங்கு மறுவாழ்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. நோயாளியின் தேவையிலிருந்து உருவான இத்தகைய இடங்களில், பயிற்சி வகுப்பறையைச் சார்ந்து நிற்பதில்லை.

இரண்டு ஆண்டுகள் எப்படிக் கழிகின்றன?

முதலாண்டில் உடற்பயிற்சி உடலியங்கியல், உயிரி இயக்கவியல், ஆய்வு முறையியல், புள்ளியியல், கற்பித்தல் முறைகள் போன்ற பொதுப் பாடங்கள் இடம்பெறும். இரண்டாம் ஆண்டில் சிறப்புப் பிரிவுப் பாடங்கள் முதன்மை பெறும். காலையில் நோயாளிகளைக் கவனிப்பது, பிற்பகலில் கருத்தரங்கு அல்லது ஆய்விதழ்க் கட்டுரை விவாதம், இளநிலை மாணவர்களுக்கு வகுப்பு எடுப்பது என நாள் கழியும்.

இளநிலைப் படிப்புக்கும் இதற்கும் உள்ள முதன்மையான வேறுபாடு, கேட்கப்படும் கேள்வியில் உள்ளது. இளநிலை மாணவரிடம், 'இந்த நோயாளிக்கு என்ன பயிற்சி அளிப்பீர்கள்' என்று கேட்கப்படும். முதுநிலை மாணவரிடம், 'ஏன் அந்தப் பயிற்சி, அதற்கு என்ன சான்று, பலன் கிடைத்தது என்பதை எதைக் கொண்டு அளந்தீர்கள்' என்று கேட்கப்படும்.

'நோயாளி முன்பைவிட நன்றாக நிற்கிறார்' என்பது பதில் ஆகாது. பெர்க் சமநிலை அளவுகோலில் 14 செயல்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் நான்கு வரை மதிப்பெண். மொத்தம் 56. சிகிச்சைக்கு முன் எத்தனை, நான்கு வாரங்களுக்குப் பின் எத்தனை என்று மாணவர் கூற வேண்டும். மூட்டு மடங்கும் கோணத்தைக் கோனியோமீட்டரால் அளந்து எழுத வேண்டும்.

இறுதித் தேர்வில் எழுத்துத் தாள்களுடன், நோயாளியை முன்வைத்துச் செய்முறைத் தேர்வும், வெளித் தேர்வாளர்கள் பங்கேற்கும் வாய்மொழித் தேர்வும் நடைபெறும்.

ஆய்வேடு: படிப்பின் கடினமான பகுதி

எம்பிடி மாணவர் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் என்பது நீண்ட காலமாகத் தோன்றினாலும், ஆய்வுக்குக் கிடைக்கும் காலம் அதைவிடக் குறைவு.

முதலில் தலைப்பைத் தேர்ந்து, ஆய்வுத் திட்டச் சுருக்கத்தை எழுத வேண்டும். பின்னர் அது நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும். மனிதர்களை உள்ளடக்கிய ஆய்வுகளுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள் பொருந்தும். ஆய்வில் பங்கேற்பவருக்கு அவர் அறிந்த மொழியில் விவரங்களை விளக்கி, ஒப்புதல் படிவத்தில் கையொப்பம் பெற வேண்டும். எந்நேரமும் விலகிக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. விலகினாலும் வழக்கமான சிகிச்சை நிறுத்தப்படக் கூடாது.

ஒரு சிகிச்சையின் பலனைச் சோதிக்கும் ஆய்வாக இருந்தால், அதை இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிவு செய்ய வேண்டும். 2018 ஏப்ரல் முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு முடிந்திருக்க வேண்டும் என்பது விதி. ஒப்புதலும் பதிவும் தாமதமானால், நோயாளிகளைச் சேர்க்கும் காலம் சுருங்கிவிடும்.

உண்மையான சிக்கல் அதன் பின்னரே தொடங்குகிறது. முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்கு இரு வகைப் பயிற்சிகளை ஒப்பிடும் ஆய்வை உதாரணமாகக் கொள்ளலாம். குழுவுக்கு 30 பேர் வீதம் 60 பேர் தேவை. வாரத்துக்கு மூன்று நாட்கள், ஆறு வாரங்கள் அவர்கள் மருத்துவமனைக்கு வர வேண்டும். ஒரு மூதாட்டி 18 முறை வந்து செல்வதற்குப் பேருந்துக் கட்டணம் வேண்டும். துணைக்கு வருபவர் அன்றைய கூலியை இழக்க வேண்டும். இரண்டாவது வாரத்தில் வலி சற்றுக் குறைந்ததும் அவர் வருவதை நிறுத்திவிடுகிறார். வலி குறையாவிட்டாலும் நிறுத்திவிடுகிறார். ஆறாவது வார அளவீட்டுக்கான கட்டம் மாணவரின் படிவத்தில் காலியாக நிற்கிறது.

சமர்ப்பிக்கும் தேதி நெருங்கும்போது, அந்தக் காலிக் கட்டத்தை ஓர் எண்ணால் நிரப்பிவிடும் எண்ணம் எழுவது இயல்பு. முதுநிலைப் படிப்பின் மெய்யான சோதனை இதுதான். இட்டுக்கட்டப்பட்ட ஓர் எண் ஆய்வேட்டிலிருந்து ஆய்விதழுக்கும், அங்கிருந்து மற்றொரு மாணவரின் கருத்தரங்கிற்கும், இறுதியில் மற்றொரு நோயாளியின் சிகிச்சைக்கும் சென்று சேர்கிறது. நோயாளிகள் இடையில் விலகியதை விலகியதாகவே எழுதுவது குற்றமல்ல. எத்தனை பேர் சேர்ந்தனர், எத்தனை பேர் விலகினர், ஏன் விலகினர் என்பதைக் கூறுவதும் ஆய்வின் முடிவே. 18 முறை வர இயலாதவர்களுக்கு வீட்டிலேயே செய்யத்தக்க பயிற்சித் திட்டம் தேவை என்ற அடுத்த கேள்வி அதிலிருந்தே பிறக்கும்.

முடிவுகளை விளக்குவதிலும் கவனம் தேவை. பத்துக்கு ஏழாக இருந்த வலி ஆறரையாகக் குறைந்தால், புள்ளியியல் கணக்கில் அது குறிப்பிடத்தக்க வேறுபாடாக அமையக்கூடும். ஆனால், படியேறும்போது நோயாளி அந்த அரைப் புள்ளியை உணர்வாரா என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் பிரித்தறியும் பழக்கம் மாணவருக்கு நல்ல வழிகாட்டியிடமிருந்தே கிடைக்கும். ஒரே நேரத்தில் பல ஆய்வேடுகளை ஏற்றுக்கொண்டு, கையொப்பமிடும் நாளில் மட்டும் சந்திக்கும் வழிகாட்டியால் அதைத் தர இயலாது.

கட்டணமும் உதவித்தொகையும்

எம்பிடி மாணவர்கள் முழுத் தகுதி பெற்ற இயன்முறை மருத்துவர்கள். வெளிநோயாளிகள் பிரிவிலும் உள்நோயாளிகள் பிரிவிலும் நாள்தோறும் சிகிச்சை அளிப்பவர்கள். ஆயினும், அவர்களுக்கு உதவித்தொகை வழங்கும் முறை நாடு முழுவதும் ஒரே சீராக இல்லை. சில நிறுவனங்கள் மாதந்தோறும் வழங்குகின்றன. சில கல்லூரிகள் எதுவும் வழங்குவதில்லை.

எனவே, படிப்புச் செலவைக் கணக்கிடும்போது கல்விக் கட்டணத்தை மட்டும் பார்ப்பது போதாது. இரண்டு ஆண்டுகள் பணிக்குச் சென்றிருந்தால் கிடைத்திருக்கும் ஊதியம், விடுதிச் செலவு, ஆய்வுக்கான செலவு, கல்விக் கடனின் வட்டி ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாலையில் தனியார் சிகிச்சை மையத்தில் பணியாற்றிச் சமாளிக்கலாம் என்று எண்ணுவோர், கல்லூரி அதை அனுமதிக்கிறதா என்பதை முன்கூட்டியே அறிய வேண்டும்.

'டாக்டர்' முன்னொட்டு குறித்த சர்ச்சை

இத்துறை மாணவர்களிடையே அண்மையில் பெரிதும் பேசப்பட்டது, பெயருக்கு முன் 'டாக்டர்' என்று குறிப்பிடலாமா என்பதாகும். பெயருக்கு முன் 'டாக்டர்' என்றும், பின்னால் 'பிடி' என்றும் குறிப்பிட 2025-ஆம் ஆண்டுப் பாடத்திட்டம் இடமளித்தது. இதற்கு உடலியக்க மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறை மருத்துவர்களின் சங்கம் எதிர்ப்புத் தெரிவித்தது.

செப்டம்பர் 8 உலக இயன்முறை மருத்துவ தினம். அதற்கு மறுநாள், 2025 செப்டம்பர் 9-ஆம் தேதி, சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநரகம் இம்முன்னொட்டைப் பயன்படுத்தக் கூடாது என்று கடிதம் வெளியிட்டது. நோயாளிகளிடையே குழப்பம் ஏற்படும் என்பது அதன் வாதம். 1916-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவப் பட்டங்கள் சட்டத்தையும் அது சுட்டிக்காட்டியது. ஆனால், அடுத்த நாளே, இவ்விவகாரம் மேலும் ஆராயப்பட வேண்டியுள்ளது எனக் கூறி அக்கடிதம் நிறுத்தி வைக்கப்பட்டது.

இச்சர்ச்சை இளநிலைப் பட்டதாரிகளுக்கும் பொதுவானது. எம்பிடி படிப்பதால் மட்டும் இதில் ஒருவரது நிலை மாறுவதில்லை. முன்னொட்டுக்காக முதுநிலைப் படிப்பைத் தேர்ந்தெடுப்பதில் பொருளில்லை.

படிப்புக்குப் பின் என்ன?

கல்லூரிகளில் ஆசிரியராகப் பணியாற்ற எம்பிடி அடிப்படைத் தகுதியாகக் கோரப்படுகிறது. முனைவர் பட்ட ஆய்வுக்கும் இதுவே வாயில். பெரிய மருத்துவமனைகளில் தீவிர சிகிச்சை, நரம்பியல் மறுவாழ்வு, குழந்தைகள் நலம் ஆகிய பிரிவுகளில் சிறப்புத் தகுதியுடையோருக்கு முன்னுரிமை கிடைக்கிறது.

தனியார் சிகிச்சை மையங்களில் நிலை வேறு. அங்கு நோயாளியின் நம்பிக்கையும் அனுபவமுமே பெரிதும் மதிக்கப்படுகின்றன. சிறு மையங்களில் தொடக்க ஊதியத்தைப் பொறுத்தவரை இரு பட்டங்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்கும் என எதிர்பார்க்க இயலாது.

வெளிநாடு செல்ல விரும்புவோர் ஒன்றைத் தெளிவாக அறிய வேண்டும். இந்திய எம்பிடி பட்டம் எந்த நாட்டிலும் தானாகவே தொழில் உரிமம் பெற்றுத் தராது. பிரிட்டனில் சுகாதாரம் மற்றும் பராமரிப்புத் தொழில்கள் கவுன்சிலில் பதிவு பெற வேண்டும். அமெரிக்காவில் கல்விச் சான்றுகள் மதிப்பிடப்பட்ட பின்னர் தேசிய உரிமத் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும். ஆஸ்திரேலியாவில் அந்நாட்டு இயன்முறை மருத்துவக் கவுன்சிலின் மதிப்பீட்டைக் கடக்க வேண்டும்.

சேரும் முன் கேட்க வேண்டியவை

கல்லூரிக்கு நேரில் செல்லும் மாணவர்களும் பெற்றோரும் முதலில் பார்க்க வேண்டியது கட்டடத்தை அல்ல. காலை பத்து மணிக்கு வெளிநோயாளிகள் பிரிவில் உள்ள கூட்டத்தை. அதன்பின், இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரைச் சந்தித்துக் கீழ்க்கண்டவற்றைக் கேட்டறியலாம்.

* தாம் விரும்பும் பிரிவுக்குரிய நோயாளிகள் வாரத்துக்கு எத்தனை பேர் வருகின்றனர்? தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் மாணவர்கள் அனுமதிக்கப்படுகின்றனரா?

* ஒரு வழிகாட்டியின் கீழ் எத்தனை மாணவர்கள் உள்ளனர்? வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு மாணவருக்கு உண்டா?

* நெறிமுறைக் குழு எத்தனை மாதங்களுக்கு ஒரு முறை கூடுகிறது?

* முந்தைய ஆண்டு மாணவர்களின் ஆய்வேடுகளை நூலகத்தில் பார்வையிட முடியுமா? அவற்றில் இடையில் விலகிய நோயாளிகள் குறித்த விவரம் உள்ளதா?

* உதவித்தொகை எவ்வளவு? அது மாதந்தோறும் முறையாகக் கிடைக்கிறதா?

* கல்லூரிக்கு உரிய பல்கலைக்கழக இணைப்பும், மாநிலக் கவுன்சில் அல்லது தேசிய ஆணைய விதிகளின்படியான அனுமதியும் உள்ளனவா?

இவற்றுக்குத் தெளிவான பதில் கிடைக்காத இடத்தில் முன்பணம் செலுத்துவதைத் தவிர்ப்பது நல்லது. ஓராண்டு பணியாற்றி, எந்த வகை நோயாளிகளிடம் தமக்கு ஈடுபாடு உள்ளது என்பதை அறிந்த பின் விண்ணப்பிப்பதும் வீண் தாமதமல்ல. தேர்ந்தெடுத்த பிரிவு அவர்களது எஞ்சிய பணிக்காலம் முழுவதும் பெயருடன் தொடரும். ஆறாவது வாரமும் தவறாமல் வந்து, கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக ஏறிக் காட்டும் நோயாளியின் நலனும் அந்தத் தேர்வைச் சார்ந்தே உள்ளது.